பட்டனுக்கு என்ன போட்டாய்?

போர்ட் அகஸ்டா மருத்துவமனை
10 பிப்ரவரி 1994

கோரல்,

உன்னோடு பேசுவதில்லை என்று நான் முடிவு செய்து மூன்று மாதம் ஆகிறது. அந்த முடிவில் மாற்றம் இல்லை. இது பேச்சு அல்ல, பட்டனுக்கான ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை நாய்க் கொட்டடியைக் கழுவும்போது வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு போய்விட்டது. தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். ஆறு வாரம் படுக்கை, அதற்குப் பிறகுதான் நடை என்கிறார்கள். மற்ற இரண்டு நாய்களையும் ஃபாக்ஸி இன நாய்ச் சங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பட்டனை எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஐந்து வாரக் கர்ப்பம், அதுவும் தலைச்சன். ஐந்து கிலோகூடத் தேறாத நாய்க்கு வயிற்றில் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் உன்னிடம் அனுப்புகிறேன், வேறு வழியில்லாமல். சனிக்கிழமை தபால் விமானத்தில் வருகிறாள். விமானி அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

கூடவே ஒரு பை அனுப்புகிறேன். குட்டிகளுக்கான தீனிதான், ஆனால் இனி அவளுக்கும் அதுதான். சின்ன இனத்துக்கென்று செய்தது, அதனால் மணிகள் சின்னதாக இருக்கும். பெரிய நாய்த் தீனியைப் போட்டால் மெல்லாமல் விழுங்குவாள், பிறகு கக்குவாள். பையின் பின்பக்கத்தைப் படி. முதலில் எழுதியிருப்பது கோழி இறைச்சி. கோதுமையையும் "விலங்குப் பொருட்கள்" என்று பெயரில்லாத எதையோ ஒன்றையும் முதலில் எழுதியிருக்கும் பை நமக்கு வேண்டாம். சமையல் தராசில் நிறுத்துப் போடு, உன் கை அளவு எனக்குத் தெரியும். வயிறு பெருக்கப் பெருக்க ஒரே வேளையில் அவளால் நிறைய தின்ன முடியாது. நாலு வேளையாகப் பிரித்துக்கொடு. சுண்ணாம்புச் சத்துப் பொடி, பால், எலும்புத் தூள் எதுவும் வேண்டாம். கர்ப்பத்தில் அதைக் கொடுத்தால் பால் சுரக்கும் நேரத்தில் வலிப்பு வந்து சாகும். சின்ன நாய்களுக்குத்தான் அது அதிகம். பை தீர்ந்தாலோ கெட்டாலோ டப்பாவில் வருவதையும், சாயம் போட்டு நாய்க்கென்று விற்கும் கொத்திறைச்சியையும் தொடாதே, கெடாமலிருக்க மருந்து கலக்கிறார்கள். உங்கள் பண்ணையில் அறுத்த புது இறைச்சி, எதுவானாலும் சரி, வேகவைத்துக் கொடு. கண்ணால் பார்த்து அறுத்ததைவிடச் சுத்தமானது எதுவும் கிடையாது. வெங்காயம் கூடாது. மனிதர் தட்டிலிருந்து ஒரு துண்டும் கூடாது. உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது. எதையாவது விட்டிருந்தால் மறுபடி எழுதுகிறேன்.

நோரீன்

---

வில்காரா மாட்டுப் பண்ணை
18 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். வெங்காயத்துக்குக்கூட ஒரு வரி ஒதுக்கியிருக்கிறாய். "நீ எப்படி இருக்கிறாய் கோரல்" என்று எழுத இடம் இல்லாமல் போய்விட்டது போலும். நான் நன்றாக இருக்கிறேன். பதினெட்டுப் பேருக்கு மூன்று வேளை சமைக்கிறேன், யாரும் செத்துப்போகவில்லை.

உன் இடுப்பைப் பற்றிப் படித்ததும் மேனேஜர் வீட்டுக்கு ஓடி போன் போட்டேன். நர்ஸ் உன்னிடம் கேட்டுவிட்டு வந்து, "அவங்க தூங்குறாங்கன்னு சொல்லச் சொன்னாங்கம்மா" என்றாள். சொல்லச் சொன்னதையும் சேர்த்துச் சொன்ன அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

மகாராணி வந்து சேர்ந்தாள். விமானி இறங்கும்போதே கத்தினான்: "இந்தாங்கம்மா, எடுத்துக்குங்க. வர்ற வழியெல்லாம் என் சாண்ட்விச்சையே பாத்துக்கிட்டு வந்தா. கடைசியில எனக்கே வெட்கமாயிருச்சு!" மாடு ஓட்டுகிறவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களுடைய நாய் ஒவ்வொன்றும் இவளை நாலு மடங்கு வளர்த்த மாதிரி இருக்கும். தலைமை மாட்டுக்காரர் வெர்ன் தொப்பியைக் கழற்றி அவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாயா, இல்ல நாயோட மாதிரியா?" என்றார். பட்டன் நேராகப் போய் அந்தத் தொப்பிக்குள் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை அவருக்குத் தொப்பி இல்லை. மறுநாள் அவர் ஆட்களையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு வடக்கே மாடு திரட்டப் போய்விட்டார். வர ஒரு மாதம் ஆகுமாம்.

தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். பையையும் படித்தேன், கோழிதான் முதலில். போதுமா?

அந்த எலும்பு விஷயத்தை நீ மறக்கப்போவதில்லை என்று தெரியும். ஆமாம், நாய்க் கண்காட்சிக்கு முந்தின நாள் உன் நாய்க்கு ஆட்டு விலா எலும்பை நான்தான் கொடுத்தேன். பல் உடைந்தது. மன்னிப்பும் கேட்டேன். நீ அதைச் சங்கத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாய் பார், அதற்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன். எலும்புக்காக இல்லை.

கோரல்

---

போர்ட் அகஸ்டா மருத்துவமனை
24 பிப்ரவரி 1994

கோரல்,

எடை எழுதவில்லை. வாராவாரம் எடை எழுத வேண்டும் என்று நான் சொல்லாவிட்டால் உனக்குத் தோன்றாதா? வடக்கே பெருமழை என்று வானொலியில் சொல்கிறார்கள். உங்கள் ஓடுதளம் வெறும் மண்தானே, விமானம் இறங்குமா? பையை எங்கே வைத்திருக்கிறாய்? ஈரம் படாத இடமாக இருக்கட்டும். பூசணம் பிடித்த தீனி விஷம்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் நாள் முழுக்கத் தன் பூனையைப் பற்றிப் பேசுகிறாள். அதற்கு என்ன போடுகிறாய் என்று கேட்டேன். "அது என்ன கேக்குதோ அதைப் போடுவேன்" என்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். இங்கே படுத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. எடை எழுது.

நோரீன்

---

வில்காரா
4 மார்ச் 1994

அக்கா,

இந்தக் கடிதம் எப்போது போகும் என்று தெரியவில்லை. போன சனிக்கிழமை விமானம் மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, ஓடுதளத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. தபால் மூட்டையை மட்டும் மேலிருந்து போட்டார்கள். நாளைக்கும் இறங்க முடியாது என்கிறார் மேனேஜர் ஹார்வுட். சாலை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

உன் கடிதம் அந்த மூட்டையில்தான் வந்தது. பையைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் நாக்கில் என்னதான் இருக்கிறதோ! அதற்கு இரண்டு நாள் முன்பே சரக்கறைக் கூரை ஒழுகி, பை அடியிலிருந்து பாதிவரை ஊறிவிட்டது. மேலே இருந்ததைக் காப்பாற்றி மூன்று நாள் ஓட்டினேன். பிறகு பச்சையாகப் பூத்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

பயப்படாதே, அவள் பட்டினி இல்லை. தெற்குக் குழாய்க் கிணற்றில் காட்டுக் குதிரைகள் கூட்டமாக வந்து தொட்டியை உடைக்கின்றன என்று ஹார்வுட் நாலைந்தைச் சுட்டார். நான் போய்க் கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்கம்மா, நரிக்குத்தானே போகப்போகுது" என்றார். அவர் கடற்கரைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர், நான் வந்த அதே மாதம்தான் இங்கே வந்தார். இளம் குதிரை ஒன்றின் தொடைக் கறி. கொழுப்பே இல்லை, என்ன நிறம்! குளிரறையில் தொங்கவிட்டு, தினமும் வெட்டி, வேகவைத்து, கொஞ்சம் சோறும் பூசணிக்காயும் சேர்த்து நாலு வேளை கொடுக்கிறேன். அதையும் நிறுத்துத்தான். தட்டைக் கழுவத் தேவையில்லாமல் நக்கிவைக்கிறாள். உடம்பு பளபளவென்று இருக்கிறது. எடை 6.1 கிலோ. உன் கோழிப் பை எதற்கு என்று எனக்கே தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதே.

9 மார்ச். நாலு! அக்கா, நாலு! இன்று காலை காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டாள். யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. மூன்று பெண், ஒரு ஆண். ஆணுக்கு வலது கண்ணில் மட்டும் கறுப்பு. பண்ணையில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தார்கள், சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

கோரல்

---

போர்ட் அகஸ்டா
16 மார்ச் 1994

கோரல்,

நாலு என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பூனைக்காரி பயந்துபோய் மணியை அடித்தாள்.

சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்துப் புதுப் பை வாங்கி இந்த விமானத்தில் அனுப்புகிறேன். வந்த அன்றே அதற்கு மாற்றத் தொடங்கு. ஒரேயடியாக இல்லை, நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. பால் கொடுக்கிறவளுக்கு இப்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும், கேட்கும்போதெல்லாம் கொடு. மூன்று வாரம் முடிந்ததும் குட்டிகளுக்கு அதையே வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியாக்கி தட்டையான தட்டில் வை. குட்டிகளைப் பசியோடு விடாதே. இந்த அளவுக் குட்டிக்கு ஒரு வேளை தவறினால் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அப்படி ஆனால் ஈறில் துளி தேன் தடவு. குட்டிகளுக்கான பால்மாவு டின் ஒன்றும் இருக்கிறது. தேவைப்படாது. ஆனாலும் இருக்கட்டும்.

கறுப்புக் கண்காரனை யாருக்கும் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிடாதே.

நீ எப்படி இருக்கிறாய்?

நோரீன்

---

வில்காரா
19 மார்ச் 1994, காலை

அக்கா,

விமானம் வரும் முன் இதை எழுதி முடிக்க வேண்டும். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. பட்டன் போய்விட்டாள். நேற்று மாலை நாலு மணிக்கு.

திங்கட்கிழமை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பிரசவக் களைப்பு என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கக்கினாள். புதன்கிழமை அவளைத் தூக்கும்போது வயிறு தண்ணீர்ப் பை போல ஆடியது, குட்டி போட்ட வயிறு ஏன் பெரிதாகிறது என்று உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தேன். மஞ்சள், அக்கா. கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

அன்று மதியம்தான் வெர்ன் ஆட்களோடு திரும்பினார். நேராகப் பட்டனைப் பார்க்க வந்தார், அவளுக்கென்று ஒரு பழைய தொப்பியை வேறு கொண்டுவந்திருந்தார். அவளைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் குளிரறைக்குள் போய் வெளியே வந்தார்.

"எந்தக் குதிரைம்மா அது?"

"தெற்குக் கிணத்துல சுட்டது."

"எத்தனை நாளாப் போடுறீங்க?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பக்கம் மேய்ஞ்ச குதிரைய நாங்க நாய்க்குப் போடவே மாட்டோம்மா. மழை பெஞ்சா அங்க செப்பு நெருஞ்சி தரையோட தரையா படர்ந்துரும், குதிரை அதைத்தான் விரும்பித் தின்னும். அதோட விஷம் கறியிலயே தங்கிரும். நாம தின்னா ஒண்ணும் ஆகாது. நாய் தின்னா ஈரல் போயிரும். வேகவச்சாலும் போகாது. எங்கப்பா காலத்துல இருந்து இங்க மாடு ஓட்டுற எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

அவருடைய ஒன்பது நாய்களும் மாட்டுக் கறிதான் தின்னும். எனக்கு அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

உங்கள் ஊர் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். கறியை உடனே நிறுத்து, சனிக்கிழமை விமானத்தில் அனுப்பு, ஆனால் இதற்கென்று மருந்து கிடையாது என்றார். அவள் சனிக்கிழமை வரை இருக்கவில்லை. கடைசி வரை குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தாள். வெர்ன் கொண்டுவந்த தொப்பியில் வைத்துத்தான் புதைத்தோம்.

உனக்குப் போன் போட எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் நம்பரைக் கேட்டதும் வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. குட்டிகளுக்கு டின் பாலில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்து சொட்டு சொட்டாக ஊற்றுகிறேன். நாலும் கத்துகின்றன. விமானச் சத்தம் கேட்கிறது.

கோரல்

---

போர்ட் அகஸ்டா
22 மார்ச் 1994

நீ கொன்றாய்.

எழுதிவிட்டேன், அதை அடித்து அழிக்க மாட்டேன். பதினோரு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம். நான் கண்ணில் வைத்து வளர்த்தவளை உன் கையில் கொடுத்தேன், நீ காட்டுக் குதிரையைப் போட்டுக் கொன்றாய். ஒரு பை ஊறினால் ஹார்வுட்டிடம் கேட்கத் தெரிந்தவளுக்கு ஒரு மருத்துவரிடம் கேட்கத் தெரியவில்லையா? மேனேஜர் வீட்டில் போன் என்ன, அலங்காரத்துக்கா? உனக்கு எல்லாமே விளையாட்டு. எலும்பு விளையாட்டு, இது விளையாட்டு. தட்டை நக்கினாளாம், உடம்பு பளபளத்ததாம்!

குட்டிகள் பிழைத்தால் முதல் விமானத்தில் அனுப்பு. உன்னிடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நோ.

---

வில்காரா
26 மார்ச் 1994

நோரீன்,

போன சனிக்கிழமை நீ அனுப்பிய பையும் பால்மாவு டின்னும் வந்தன. "தேவைப்படாது, ஆனாலும் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாயே, அந்த டின்தான் இவற்றை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் மூன்றுதான். ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை துவண்டுவிட்டது. தேன் தடவினேன், மார்பில் கட்டிக்கொண்டு சமைத்தேன். பிரயோசனம் இல்லை.

இரண்டு மணிக்கு ஒரு தடவை பால், பிறகு ஈரத்துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும், பிறகு எடை. ஒவ்வொரு தடவையும் எடை. நீ கேட்காமலே எழுதுகிறேன்: 290, 275, 240 கிராம். அப்பளக் கட்டைவிடக் கொஞ்சம்தான் கனம். சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ எழுதியது இன்று விமானத்தில் வந்தது, விமானி தேநீர் குடிக்கும் நேரத்தில் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ சொன்னதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான், உன்னைவிட மோசமாகவே. ஆனால் விளையாட்டு என்றாயே, அதற்காக உன் கன்னத்தில் அறையலாம் போல வந்தது. உன் முதல் கடிதம் இங்கே அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் பேசப்போவதில்லை.

இவை இப்போது பயணம் செய்தால் செத்துவிடும். அனுப்ப மாட்டேன்.

கோரல்

---

போர்ட் அகஸ்டா, வீடு
6 ஏப்ரல் 1994

கோரல்,

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். கொட்டடி காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் போவதில்லை.

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். முதல் கடிதத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று ஏன் எழுதினாய்? அதில் என்ன இருக்கிறது? நிஜமாகவே எனக்கு ஞாபகம் இல்லை. விழுந்த மூன்றாவது நாள் எழுதியது. அந்த மாத்திரையில், பூனைக்காரியைச் செத்துப்போன நம் அத்தை என்று நினைத்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன், அவளே சொன்னாள். பை, தராசு, சுண்ணாம்புப் பொடி இதெல்லாம் எழுதியது தெரிகிறது. அதற்குப் பிறகு என்ன எழுதினேன்?

நேற்று கால்நடை மருத்துவர் வந்திருந்தார். அவரிடம் உன்னைத் திட்டிக்கொண்டே, "பை இல்லேன்னா புதுக் கறி போடுன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்லுவேன், அதுக்காக இப்படியா?" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. எல்லாருக்கும் சொல்வேன். முப்பது வருடமாக நாய் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சொன்னேனா? அவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எடுத்துப் பார். கறி போடு என்று நான் எழுதியிருக்கிறேனா, இல்லையா? உள்ளதை எழுது. நான் எழுதியிருந்தால் எனக்குத் தெரிய வேண்டும். எழுதியிருந்தால் நான் இனி நாய் வளர்க்கப்போவதில்லை, குட்டிகளை நீயே வைத்துக்கொள். அந்தக் கையால் இன்னொன்றுக்குத் தட்டு வைக்க என்னால் முடியாது.

போனில் சொல்லாதே. எழுது.

நோரீன்

---

வில்காரா
15 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்கா,

முதலில் எடை: ஜிப் 710, பாபின் 655, பின் 690. பட்டனின் பிள்ளைகளாயிற்றே, தையல் பெட்டியிலிருந்தே பெயர் வைத்துவிட்டேன், நீ வந்து மாற்றிக்கொள். "பின்"தான் கறுப்புக் கண்காரன். ஊறவைத்த கஞ்சியை இரண்டு வாரமாகத் தின்கிறார்கள், இப்போது நாலு வேளை, மணியை லேசாக ஊறவைத்தால் போதும், கஞ்சி வேண்டியதில்லை. முதல் நாள் மூன்றும் தட்டுக்குள்ளேயே நடந்தன. "பின்" பயல் மூக்கு வரை மூழ்கித் தும்மியதில் வெர்னின் சட்டை போய்விட்டது. "தொப்பி போச்சு, இப்ப சட்டையா? அடுத்து என்னடா வேணும் உனக்கு?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடிதத்தைப் பற்றிக் கேட்டாய். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். நாலு பக்கம். பை, சின்ன மணி, கோழிதான் முதலில் இருக்க வேண்டும், தராசு, நாலு வேளை, சுண்ணாம்புப் பொடி வேண்டாம், டப்பா வேண்டாம், சாயம் போட்ட கொத்திறைச்சி வேண்டாம், வெங்காயம் வேண்டாம், என் தட்டிலிருந்து ஒரு துண்டும் வேண்டாம். அவ்வளவுதான். பண்ணைக் கறியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அது என் யோசனை. யாரையும் கேட்காமல் நானாகச் செய்தது. பேசப்போவதில்லை என்று நான் எழுதியது கோபத்தில். உன்னைக் கொஞ்சம் கலங்கடிக்க வேண்டும் போல இருந்தது, அதற்கு மன்னித்துவிடு.

அந்தக் கடிதத்தை நீ பார்க்கக் கேட்பாய் என்று தெரியும், ஆனால் இல்லை. இன்று காலை விறகு ஈரமாக இருந்தது, அடுப்புப் பற்றவில்லை, கைக்கு எட்டியது அதுதான். நாலு பக்கமும் நன்றாக எரிந்தது. நீ எப்போதும் நல்ல காகிதத்தில்தான் எழுதுவாய்.

ஹார்வுட்டிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். 23ஆம் தேதி விமானத்தில் மூன்று குட்டிகளும் நானும் வருகிறோம். பையில் இன்னும் மூன்று கிலோ இருக்கிறது, அதுவும் வரும். ஆனால் அவர்கள் வளர்கிற வேகத்துக்குப் பத்து நாள்கூட வராது, நீ புதுப் பை வாங்கிவை. எது நல்லது என்று உனக்குத்தான் தெரியும். குனிய முடியாவிட்டால் பரவாயில்லை, தட்டை நான் கீழே வைக்கிறேன். நீ நிறுத்துக் கொடு.

கோரல்